கும்பகோணம் பஸ்ஸில் நான்கு குடுவைகள்

திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையிலிருந்த குடுவை ஒன்றை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் திரவம்.

"ரோஸ்மில்க்காங்க?" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"இல்லைங்க. செல்கள். எலியோட செல்கள்," என்றேன். எலி என்ற சொல்லைத் தவிர்த்திருக்கலாம். எனக்குப் பின்னால் டிராலியோடு நின்றவர்கள் ஓரடி தள்ளி நின்றுகொண்டார்கள்.

அனுமதிக் காகிதங்கள் எல்லாம் முறையாக இருந்தன. அவர் அவற்றைப் படித்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டார். வந்தவரும் குடுவையைத் தூக்கிப் பார்த்தார்.

"உசிரோட இருக்கா?"

"இருக்குங்க."

"அசையவே இல்லையே."

"பிளைட்டுல வந்திருக்கு, களைப்பா இருக்கும்," என்றேன். இருவரும் சிரித்து என்னை அனுப்பிவிட்டார்கள். சிங்கப்பூரில் ஒரு சுங்க அதிகாரியிடம் இப்படிப் பதில் சொல்லியிருந்தால் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

வெளியே ஸ்டெல்லா காத்திருந்தாள். என்னைக் கட்டிப்பிடிப்பதற்கு முன்னால் பையை வாங்கித் திறந்து பார்த்தாள். "கலர் மாறலக்கா," என்றாள். செல்கள் சுகமில்லாமல் போனால் அந்தச் சிவப்பு மஞ்சளாகிவிடும். அதற்குப் பிறகுதான் "நல்லாருக்கீங்களா" வந்தது.

நான் சிங்கப்பூரில் ஓர் ஆய்வகத்தில் செல் வளர்ப்புப் பகுதியைக் கவனிக்கும் ஊழியர். ஸ்டெல்லா அங்கே முனைவர் பட்டத்துக்குப் படிக்க வந்தவள். அவளுக்குக் குடுவை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது நான். எனக்கு மீன் குழம்பு வைக்கச் சொல்லிக்கொடுத்தது அவள். படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பி, தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கணவர் ஆரோக்கியராஜ் கத்தாரில் ஒரு கட்டட நிறுவனத்தில் மேற்பார்வையாளர். வருடத்துக்கு ஒருமுறை வேளாங்கண்ணித் திருவிழாவை ஒட்டி விடுப்பில் வருவார். மாமியார் கீழ்வேளூரில் நிலத்தையும் மாட்டையும் பார்த்துக்கொண்டு தனியாக இருக்கிறார்.

அவளுடைய ஆய்வை எளிதாகச் சொல்லிவிடலாம். நம் உடம்பிலும் எலியின் உடம்பிலும் விழுங்கு செல்கள் என்று ஒரு வகை உண்டு; நான் கொண்டுவந்தவை அவைதான். உள்ளே நுழையும் கிருமிகளைப் பிடித்துத் தின்பது அவற்றின் வேலை. ஸ்டெல்லா எடுத்துக்கொண்ட பாக்டீரியா யாருக்கும் தீங்கு செய்யாத சாது. தலைமுறை தலைமுறையாக ஆய்வகத்திலேயே வளர்ந்து, வெளியே விட்டால் பிழைக்கக்கூடத் தெரியாதது. அதையும் விழுங்கு செல்களையும் ஒரே கிண்ணத்தில் விட்டாள். பெரும்பாலானவை தின்னப்பட்டன. தப்பித்தவற்றை எடுத்து மறுநாள் புதிய செல்களோடு விட்டாள். அதிலும் தப்பித்தவற்றை அதற்கடுத்த நாள். இப்படியே வாரக்கணக்கில். கடைசியில் சில கிண்ணங்களில் பாக்டீரியா தன்னைச் சுற்றி வழவழவென்று ஓர் உறை போட்டுக்கொண்டது. செல்களால் அதைப் பிடிக்க முடியவில்லை. யாரும் அதற்குக் கற்றுத்தரவில்லை. வழுக்கியவை பிழைத்தன, அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் நடந்தது தஞ்சாவூரிலும் நடக்கிறதா என்று பார்ப்பதுதான் இப்போது அவள் வேலை. வேறு ஊர், வேறு தண்ணீர், வேறு கைகள். இங்கேயும் அதே வழியில் தப்பித்தால் அது இயற்கையின் வழக்கம். இல்லாவிட்டால் அங்கே நடந்தது தற்செயல். ஆனால் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய செல்கள் இரண்டு முறையும் ஏதோ ஒரு கிடங்கில் காத்துக் கிடந்து செத்துப்போயின. கடைசியில் நானே விடுப்பு எடுத்துக்கொண்டு கையோடு கொண்டுவந்தேன்.

காரில் வரும்போது ஸ்டெல்லா சொன்னாள்: "இந்த டேர்முக்குள்ள இது வரலைன்னா கத்தாருக்கே வந்துடுறேன்னு ராஜ்கிட்ட சொல்லிட்டேன்க்கா."

"அங்கே போய் என்ன செய்வே?"

"ஏசி ரூம்ல உக்காந்து டிவி பாப்பேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை தஞ்சாவூர் பனியில் நனைந்திருந்தது. பொங்கல் முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஆட்டோ ஓட்டுநர்கள் தலையில் மப்ளர் சுற்றியிருந்தார்கள். எங்கள் ஊரில் குளிர் என்றால் கடைத்தொகுதிக்குள் போக வேண்டும். இங்கே அது தெருவில் இலவசமாகக் கிடைத்தது. பெரிய கோயிலைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் அதற்கு எதிர்த்திசையில் இருந்த சிற்றுண்டிச் சாலையைப் பற்றித்தான் எழுத முடியும். இட்லிக்குக் கடப்பா என்று ஒன்று ஊற்றினார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சோம்பும் சேர்ந்த வெள்ளைக் குழம்பு. மூன்று முறை கேட்டு வாங்கினேன். பரிமாறியவர் மூன்றாவது முறை இட்லியைப் பற்றிக் கேட்காமல் என்னைப் பற்றிக் கேட்டார்.

"எந்த ஊருங்க?"

"சிங்கப்பூர்."

"அது சரி. பூர்வீகம்?"

தெரியாது என்றேன். என் அப்பாவுக்கும் தெரியாது, அவரும் சிங்கப்பூரில் பிறந்தவர். பரிமாறியவர் என்மேல் இரக்கப்பட்டு இன்னொரு கரண்டி ஊற்றினார். இதற்குப் பிறகு தங்கியிருந்த நாட்களில் யார் கேட்டாலும் 'பக்கத்துலதாங்க' என்று சொல்லப் பழகிக்கொண்டேன். எல்லாருக்கும் அது போதுமானதாக இருந்தது.

கல்லூரியில் ஸ்டெல்லாவின் ஆய்வகம் சின்னது, ஆனால் சுத்தம். செல்களை உடம்புச் சூட்டில் வைக்கும் இன்குபேட்டர் ஒன்று, நுண்ணோக்கி ஒன்று, காற்றை வடிகட்டும் மேசை ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே சுவரில் மின்வெட்டு நேரங்கள் ஒட்டப்பட்டிருந்தன. தமிழ்நாடு முழுக்க மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்த காலம் அது. இரண்டு மணி நேரம் போகும், ஒரு மணி நேரம் வரும். இன்வெர்ட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாங்கியது. மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் நான் பதறி எழுந்தேன். மாணவிகள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒருத்தி எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தை இருட்டிலேயே முடித்தாள்.

பயணத்தில் குளிர்ந்துபோன செல்கள் தேற நாலைந்து நாளானது. முதலில் சோர்ந்து உருண்டையாகக் கிடந்தவை மெல்லக் கை கால் நீட்டிக் குடுவையின் தரையைப் பற்றிக்கொண்டன. அதன் பிறகு ஆய்வு தொடங்கியது. ஆறு கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் அதே சாது பாக்டீரியா. தினமும் புதிய செல்கள் வேண்டும் என்பதால், பாக்டீரியா படாத தாய்ச் செல்களை நான்கு குடுவைகளில் தனியே வளர்த்தோம். அவை செத்தால் எல்லாம் முடிந்தது.

நாள்தோறும் கிண்ணங்களில் தப்பித்தவற்றைக் கொஞ்சம் எடுத்துத் தட்டுகளில் முளைக்கவிட்டுப் பார்த்தோம். ஒன்றும் மாறவில்லை. செல்கள் தின்றன, பாக்டீரியா தின்னப்பட்டது. மாலைகளில் ஸ்டெல்லா என்னைத் திருவையாற்றுக்குக் கூட்டிப்போய் அசோகா அல்வா வாங்கிக்கொடுத்தாள். பாசிப்பருப்பில் அல்வா கிண்டலாம் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு பெட்டி வாங்கினேன். சிங்கப்பூர் போய்ச் சேரவில்லை அவை.

அந்த வார வெள்ளிக்கிழமை அறிவிப்பு வந்தது. மறுநாள் மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலிருந்து மாலை வரை கல்லூரிப் பக்கம் மின்சாரம் இருக்காது. கல்லூரி ஜெனரேட்டர் பழுதாகிக் கிடந்தது. இன்வெர்ட்டர் மதியம் வரைகூடத் தாங்காது.

ஸ்டெல்லா ஒரு மணி நேரம் போனில் பேசிவிட்டு வந்தாள். "கும்பகோணத்துல பர்வீன்னு என் கிளாஸ்மேட் இருக்கா. குழந்தையில்லாதவங்களுக்கு வைத்தியம் பண்ற ஆஸ்பத்திரில கரு வளக்கிற லேப் அவ பொறுப்பு. அவங்க மாத்திப்போட்ட பழைய இன்குபேட்டர் ஒண்ணு பின்னாடி ரூம்ல சும்மா ஓடிட்டிருக்காம். ஒரு நாள் வெச்சுக்கன்னுட்டா."

பாக்டீரியா ஆய்வகத்தைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. அதைக் குளிர்பெட்டியில் ஐஸ் சூழ வைத்துப் பூட்டினோம். ஒரு நாள் தூங்கினால் அதற்கு ஒன்றும் ஆகாது. தாய்ச் செல்கள் மட்டும் பயணம். அவை மறுபடி குளிர்ந்தால் மறுபடி நாலைந்து நாள் மந்தமாகிவிடும். அதற்கு எங்களிடம் அவகாசம் இல்லை. உடம்புச் சூட்டிலேயே இருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை, வருவதாகச் சொன்ன கார் வரவில்லை. தை மாத முகூர்த்த நாள். கார் கல்யாண மாப்பிள்ளையோடு போய்விட்டது. ஊரில் ஒரு வாடகைக் காரும் கிடைக்கவில்லை.

"பஸ்லயே போயிடலாம்க்கா," என்றாள் ஸ்டெல்லா.

"சூடு?"

"உடம்புச் சூடுதானே வேணும்? உடம்புதான் இருக்கே."

உள்ளே போய், உள்ளங்கை அகலத் தட்டைக் குடுவைகள் நான்கையும் பருத்தித் துண்டில் வரிசையாக வைத்து வயிற்றில் சுற்றிக் கட்டி, மேலே சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள். நான் கையை வாயில் வைத்துக்கொண்டேன். அசலாக இருந்தது.

என் கணவர் சிங்கப்பூரில் பேருந்து ஓட்டுபவர். ஆகவே பேருந்துகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அபிப்பிராயம் உண்டு. தஞ்சாவூர் பேருந்து நிலையத்தில் பஸ் நிற்பதற்கு முன்பே சன்னல் வழியாகத் துண்டு, குடை, தண்ணீர் பாட்டில், ஒரு தூக்குச்சட்டி எல்லாம் உள்ளே போய் இடம் பிடித்துவிட்டன. நானும் என் கைக்குட்டையை எறிந்தேன். அது யார் மடியிலோ விழுந்து திரும்பி வந்தது. நின்றுகொண்டே போவது என்று முடிவானபோது, முன் இருக்கையில் இருந்த ஓர் அம்மா ஸ்டெல்லாவைப் பார்த்தார், ஸ்டெல்லாவின் வயிற்றைப் பார்த்தார், எழுந்துவிட்டார்.

"உக்காரும்மா நீ. இந்தக் கூட்டத்துல நிக்கலாமா? எத்தனை மாசம்?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் பாதிப் பேர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடுவை, செல், மின்வெட்டு என்று எங்கிருந்து தொடங்குவது?

"அஞ்சு," என்றாள்.

உட்கார்ந்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இருபுறமும் சம்பா அறுவடை. அறுத்த வயல்களில் வைக்கோல் வரிவரியாகக் கிடந்தது. சாலையில் பாதியை நெல் காயப்போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அய்யம்பேட்டை தாண்டியதும் எதிரே ஓர் அறுவடை மிஷின் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஓட்டுநர் பின்னால் போக மறுத்தார், மிஷின்காரரும் மறுத்தார். இருவரும் இறங்கி வந்து பேசினார்கள். இருபக்கமும் பயணிகள் இறங்கி யோசனை சொன்னார்கள். டீ வந்தது. என் கணவர் இதைப் பார்த்திருந்தால் அன்றே ஓய்வு பெற்றிருப்பார். ஸ்டெல்லா மட்டும் இடத்தைவிட்டு நகராமல், இரண்டு கைகளாலும் வயிற்றை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். இடம் கொடுத்த அம்மா அவளுக்குத் தன் பையிலிருந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்.

கும்பகோணத்தில் இறங்கும்போதுதான் அது நடந்தது. பின் இருக்கையிலிருந்து ஒரு பெண் எட்டி ஸ்டெல்லாவின் கன்னங்களைத் தடவி, தன் நெற்றிப் பொட்டில் விரல்களை மடக்கிச் சொடுக்கினார். முகமெல்லாம் சிரிப்பு. "மாதா காப்பாத்தட்டும்," என்றார். கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு இறக்கிவிட்டது.

ஆட்டோவில் ஏறியதும் ஸ்டெல்லா பஸ் பக்கமே திரும்பிப் பார்த்தாள். "சகாயம் அக்கா. எங்க மாமியார் வீட்டுத் தெருதான், கீழ்வேளூர்."

அவளுடைய போன் முதல் நாளே சார்ஜ் இல்லாமல் அணைந்திருந்தது. "சாயங்காலம் வீட்டுக்குப் போய் சொல்லிக்கலாம்," என்றாள். எங்கள் ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது, பின்னால் வந்த ஆட்டோவில் சகாயம் எங்களைத் தாண்டிப் போனார். பெயர்ப் பலகையை நன்றாகவே படித்திருப்பார். அதில் தொட்டில் படம்கூட இருந்தது.

காத்திருக்கும் கூடத்தில் கணவனும் மனைவியுமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தாள். பர்வீன் எங்களைப் பின்னறைக்குக் கூட்டிப்போய்க் குடுவைகளை வாங்கி வைத்தாள். நிறம் மாறவில்லை. ஒரு துளிகூட மாறவில்லை.

"ஒரு தடவை டாக்டரைப் பாத்துட்டுப் போயேன்டி. எத்தனை தடவை சொல்றேன்," என்றாள் பர்வீன்.

"அவரு அங்க இருக்காரு, நான் இங்க இருக்கேன். டாக்டர் என்ன பண்ணுவாரு?" என்றாள் ஸ்டெல்லா. பர்வீன் டிபன் பெட்டியைத் திறந்தாள். இடியாப்பமும் தேங்காய்ப் பாலும்.

மாலையில் அதே மாதிரி கட்டிக்கொண்டு திரும்பினோம். இந்த முறை கார் கிடைத்தது. குடுவைகளைக் கல்லூரியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து போனை மின்சாரத்தில் செருகியதும் அது நிற்காமல் அதிர்ந்தது. எல்லாம் கத்தாரிலிருந்து.

ஏதோ விபத்து என்று பதறிப்போய் ஸ்டெல்லா அழைத்தாள். சகாயத்தின் சேதி அதற்குள் கத்தாரை எட்டியிருந்தது. அந்தப் பக்கம் ராஜ் அழுதுகொண்டிருந்தார். பிறகு சிரித்தார். பின்னால் ஒரு கூட்டமே கத்தியது. அறைத் தோழர்களுக்கு அவர் பிரியாணி வாங்கிக்கொடுத்திருந்தார். செப்டம்பரில் வந்துபோனவர், இப்போது பிப்ரவரி, அஞ்சு மாசம். கணக்கு அவருக்கு அத்தனை சரியாக இருந்தது. அவர்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம்.

ஸ்டெல்லா "நாளைக்குப் பேசுறேன்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"அவரு அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்லக்கா."

ஞாயிறு காலை பனி விலகுவதற்கு முன்னால் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இரண்டு ஒயர் கூடைகளோடு ஸ்டெல்லாவின் மாமியார் அந்தோணியம்மாள் இறங்கினார். உயரமானவர், வெயிலில் காய்ந்த கைகள். உள்ளே வந்து ஸ்டெல்லாவின் நெற்றியில் கட்டை விரலால் சிலுவை போட்டார். என்னைப் பார்த்து, "நீங்கதான் சிங்கப்பூரா? நல்ல நேரத்துல வந்திருக்கீங்க," என்றார். பிறகு தரையில் உட்கார்ந்து கூடைகளைப் பிரித்தார். நார்த்தங்காய் ஊறுகாய், மாங்காய், மல்லிகைப்பூ, புதுப் பருத்திச் சேலை, தூக்குச்சட்டியில் விரால் மீன் குழம்பு, வேளாங்கண்ணிக் கோயில் எண்ணெய் ஒரு சின்ன பாட்டிலில்.

"நேத்து சாயங்காலமே வேளாங்கண்ணி போயிட்டேன். அங்கயே தங்கி முதல் பஸ்ஸுக்கு வரேன்," என்றார். எண்ணெய் பாட்டிலின் மூடியைத் திருகினார்.

"அத்தை, இல்ல," என்றாள் ஸ்டெல்லா.

"என்ன இல்ல?"

"வயித்துல ஒண்ணும் இல்ல அத்தை. பஸ்ல கேட்டாங்கன்னு சும்மா சொல்லிட்டேன். வயித்துல கட்டியிருந்தது காலேஜு சாமான். கரண்ட் இல்லைன்னு அந்த ஆஸ்பத்திரி மிஷின்ல வைக்க எடுத்துட்டுப் போனோம்."

அந்தோணியம்மாள் என்னைப் பார்த்தார். "நானும் கூடத்தாங்க இருந்தேன்," என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வருத்தத்தோடு ஓர் உண்மையை நான் சொன்னதில்லை.

திறந்த மூடியை அவர் மெல்லத் திருகி மூடினார். பாட்டிலை முந்தானையால் துடைத்தார். வெளியே கீரைக்காரர் கூவிக்கொண்டே போனார்.

"ராஜுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"எனக்கு முந்தி அவன்கிட்டதான் சொல்லியிருக்கணும்." சேலையை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு எழுந்தார். "எதை வயித்துல கட்டிக்கிட்டுப் போன? எனக்கு அதைக் காட்டு."

ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஸ்டெல்லா ஒரு குடுவையை நுண்ணோக்கியில் வைத்துச் சரிசெய்தாள். அந்தோணியம்மாள் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"உளுந்து கொட்டுன மாதிரி இருக்கு."

"அதுங்கதான் அத்தை. அதுக்கு எதிரி இன்னொண்ணு, பாக்டீரியா. ரெண்டையும் சேத்து விடுவோம். வயல்ல களை எடுக்கிறப்ப கண்ணுல படுற களையெல்லாம் போயிடும்ல? நெல்லு மாதிரியே நிக்கிறது தப்பிச்சிடும். அடுத்த போகத்துல அது வெதைதான் மொளைக்கும். அப்படித்தான் இதுவும். எப்படித் தப்பிக்குதுன்னு பாக்குறேன்."

"களைய வளக்கவா சிங்கப்பூர் போய்ப் படிச்ச?"

காலையிலிருந்து முதல்முறையாக ஸ்டெல்லா சிரித்தாள். "எப்படித் தப்பிக்குதுன்னு தெரிஞ்சாத்தான அத்தை பிடிக்க முடியும்."

அந்தோணியம்மாள் மறுபடி குனிந்தார். "உசிரு இருக்கா இதுக்கு?"

"இருக்கு."

"பஸ்ல உன் வயித்துச் சூட்டுலதான் பொழச்சிருக்கு."

"ஆமா அத்தை."

அவர் நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். நுண்ணோக்கியில் அதிக நேரம் பார்த்தாலும் கண்ணில் நீர் வரும். "சாப்பாடு குடுத்தியா?" என்றார்.

"இனிமேதான்."

"குடுத்துட்டு வா. மீன் கொழம்பு இருக்கு."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரைப் பேருந்தில் ஏற்றிவிட நான் போனேன். புதுச் சேலையை ஸ்டெல்லாவிடமே விட்டுவிட்டார், எடுத்தது எடுத்ததுதான் என்று. நிறுத்தத்தில் நிற்கும்போது அவராகவே பேசினார்.

"இத்தனை வருசத்துல நான் அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லம்மா. கேக்காம இருக்கறதும் அவளுக்குக் கேக்குற மாதிரியேதான் இருந்திருக்கும் போல. பஸ்ல யாரோ கேட்டா, அஞ்சுன்னு அவ வாய்ல வந்திருக்கு பாருங்க."

பஸ் வந்ததும் அவருடைய ஒயர் கூடையைச் சன்னல் வழியாக எறிந்து இடம் பிடித்தேன். இம்முறை சரியாக விழுந்தது. "சகாயத்துகிட்ட நான் பேசிக்கிறேன்," என்று உள்ளிருந்து சொல்லிவிட்டுப் போனார்.

நான் திரும்பியபோது ஸ்டெல்லா மொட்டைமாடியில் போனோடு நின்றுகொண்டிருந்தாள். இறங்கி வந்து, "சொல்லிட்டேன்க்கா," என்றாள்.

"என்ன சொன்னார்?"

"சரின்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

அடுத்த நாட்கள் வேலையிலேயே போயின. ஒரு கிண்ணத்தில் பூஞ்சை விழுந்து அதைக் கொதிநீராவியில் அவித்துக் கொட்டினோம். மீதி ஐந்தில் பாக்டீரியா அதே சாதுவாக, அதே சின்னப் புள்ளிகளாகத் தட்டில் முளைத்தது. கத்தாரிலிருந்து தினமும் போன் வந்தது. சாப்பிட்டியா, தூங்கினியா என்பதோடு முடிந்தது. நான் கிளம்ப வேண்டிய நாள் நெருங்கியது. சிங்கப்பூரிலேயே மெதுவாகத்தான் வந்தது என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

ஒரு காலை நான் கைகழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் ஸ்டெல்லா, "அக்கா, இங்க வாங்க," என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. தட்டை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தாள்.

புள்ளிகள் நடுவே ஒன்று மட்டும் பெரிதாக, பளபளவென்று, ததும்பி நிற்கும் துளி போல இருந்தது. ஸ்டெல்லா ஊசிமுனையால் தொட்டுத் தூக்கினாள். வெண்டைக்காய் போல நூல் இழுத்தது. விரலளவு உயர்ந்தும் அறவில்லை. அடுத்த கிண்ணத்தின் தட்டை எடுத்தோம். அதிலும் இரண்டு. சிங்கப்பூரில் பார்த்த அதே வழவழப்பு. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, மின்சாரம் போய்ப் போய் வரும் ஓர் அறையில், அந்தச் சாது அதே வழியைக் கண்டுபிடித்திருந்தது.

இது அதே பாக்டீரியாதானா, வெளியிலிருந்து புகுந்ததா என்று உறுதிசெய்யும் வரை ஸ்டெல்லா யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் ஆனது. அதேதான். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு ராஜை அழைத்தாள். நான் பக்கத்தில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அறை சின்னது, அவர் குரல் எனக்கும் கேட்டது.

"வந்துடுச்சுங்க," என்றாள்.

"அங்க வந்த மாதிரியேவா?"

"அதே மாதிரி. ரெண்டு தட்டுல."

"அப்ப நீ இங்க வரல," என்றார்.

ஸ்டெல்லா தட்டைப் பார்த்தாள். "வரலைங்க," என்றாள் மெதுவாக.

"நல்லதாப் போச்சு. நான் எழுதிக் குடுத்ததைத் திரும்ப வாங்க வேண்டியதில்ல."

"என்ன எழுதிக் குடுத்தீங்க?"

"சகாயம் அக்கா சேதி வந்துச்சுல்ல, அன்னைக்கே மேனேஜர்கிட்ட போயி, வேலைய விட்டுட்டு ஊருக்குப் போறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். மறுநாள் நீ இல்லைன்னு சொன்ன."

"அப்புறம்?"

"அப்புறம் வாபஸ் வாங்கலாம்னு ரெண்டு தடவ ஆபீஸ் வரைக்கும் போனேன். வாங்கத் தோணல."

ஸ்டெல்லா நாற்காலியைத் தேடிக் கையால் துழாவினாள். நான் அதை அவளுக்குப் பின்னால் நகர்த்திவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

அந்த நேரம் அவளுக்கு முதலாமாண்டு வகுப்பு இருந்தது. பிள்ளைகள் வராந்தாவில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானே வகுப்புக்குள் போனேன்.

"ஸ்டெல்லா மேடம் வரலைங்களா மேடம்?"

"போன்ல இருக்காங்க."

"யாரோட மேடம்?"

"வீட்டுக்காரரோட," என்றேன். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "ஓ" என்றது. கடைசி வரிசை மேசையைத் தட்டியது.

பாடம் நடத்த முயன்றேன். என் சிங்கப்பூர்த் தமிழ் அவர்களுக்குப் பாடத்தைவிடச் சுவாரசியமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் கேள்விகள் வேறு பக்கம் போயின. சிங்கப்பூர் போக என்ன படிக்கணும்? துபாய் நல்லதா, சிங்கப்பூர் நல்லதா? அங்கே லேப் வேலைக்கு ஆள் எடுப்பாங்களா? முன் வரிசைப் பெண் ஒருத்தி, தன் அண்ணன் குவைத்திலும் அத்தை மகன் மஸ்கட்டிலும் இருப்பதாகச் சொல்லிவிட்டு, "இங்க யாருமே திரும்பி வர்றதில்ல மேடம்," என்றாள்.

ஒருவர் வருகிறார் என்று நாக்கு நுனி வரை வந்தது. அது நான் சொல்ல வேண்டிய செய்தி இல்லை. கும்பகோணம் பஸ்ஸில் போன பிறகு அந்த விஷயத்தில் நான் எச்சரிக்கையாகிவிட்டேன். சாக்பீஸை எடுத்து, அவர்கள் கேட்ட பாடங்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதத் தொடங்கினேன்.